சுவரும் கோப்பும்: பெருமந்தக் கால அமெரிக்க அரசுச் சுவரோவியங்களை ஆவணப்படுத்துதல்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர் அஞ்சலகம் ஒன்றினுள் நுழைபவர், அஞ்சலகத் தலைவர் அறைக் கதவின் மேலே ஏறத்தாழப் பன்னிரண்டு அடி நீளமும் ஐந்தடி உயரமும் உடைய ஓவியம் ஒன்றைக் காணக்கூடும். கோதுமை அறுவடையோ, நிலக்கரிச் சுரங்கமோ, அவ்வூருக்கு முதன்முதலில் வந்த அஞ்சல் வண்டியோ அதில் தீட்டப்பட்டிருக்கும். இக்கட்டுரையாளர் முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு அந்நாட்டில் தங்கியிருந்த ஆண்டுகளில், அஞ்சல்தலை வாங்க நின்ற வரிசையிலிருந்து அத்தகைய ஓவியம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. அதன் கீழ் ஓரத்தை அறிவிப்புப் பலகை மறைத்திருந்தது. பணியாளரை வினவியபோது, அது 'டபிள்யூ.பி.ஏ. ஓவியம்' என்ற விடை தயக்கமின்றி வந்தது. வரைந்தவர் பெயரும் ஆண்டும் அவருக்குத் தெரியவில்லை. கிடைத்த அந்த ஒரு விடையும் பிழையானது என்பது பின்னரே புலனாயிற்று.

இது பெயர் பற்றிய சிறு பிழை அன்று. ஓர் ஓவியத்தை எந்தத் திட்டம் வரையச் செய்தது என்பதைத் தவறாகக் கொண்டால், அதன் கோப்பினைத் தவறான இடத்தில் தேடுவோம். கிடைக்காதபோது, கோப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். கோப்பில்லாத ஓவியத்திற்காக வாதாட ஆளிருப்பதில்லை. கட்டடம் விற்கப்படும்போதும் சுவருக்கு வெள்ளையடிக்கப்படும்போதும் முதலில் மறைவது அதுவே. பெருமந்தக் காலச் சுவரோவியங்களை ஆவணப்படுத்தும் பணி எவ்வாறு அமைகிறது, அதன் எல்லை யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பல திட்டங்கள், ஒரு பெயர்

1929ஆம் ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சியை அடுத்த பெருமந்தம் உலகு தழுவியது. மலாயாவில் இரப்பர் விலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினராய்த் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான் என்பதை நம் வாசகர் அறிவர். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டளவில் உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் ஜார்ஜ் பிடில் என்னும் ஓவியர், தம் பள்ளித் தோழரான அதிபர் பிராங்கிளின் ரூசவெல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மெக்சிகோ அரசு தன் ஓவியர்களுக்கு எளிய கைவினைஞர் கூலி அளித்துப் பொதுக் கட்டடங்களில் வரையச் செய்ததைச் சுட்டி, அமெரிக்காவிலும் அவ்வாறு செய்யலாகாதா என்று அவர் கேட்டிருந்தார்.

இதன் பயனாக 1933 டிசம்பரில் 'பொதுக் கலைப்பணித் திட்டம்' தொடங்கியது. கருவூலத் துறையின்கீழ் எட்வர்ட் புரூஸ் நடத்திய இத்திட்டம் 1934ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையே நீடித்தது. எனினும் அக்குறுகிய காலத்தில் 3,700க்கும் மேற்பட்ட கலைஞர் 15,000க்கும் மேற்பட்ட படைப்புகளை ஆக்கினர். சான் பிரான்சிஸ்கோவின் காய்ட் கோபுர ஓவியங்களும், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி நூலகத்திற்கென ஆரன் டக்ளஸ் தீட்டிய கறுப்பின வாழ்க்கைத் தொடரும் இத்திட்டத்தின் விளைவுகளே.

அதன்பின் பாதை இரண்டாகப் பிரிந்தது. 1934 அக்டோபரில் கருவூலத் துறையிலேயே 'ஓவிய, சிற்பப் பிரிவு' அமைக்கப்பட்டது. பின்னர் இது 'நுண்கலைப் பிரிவு' எனப் பெயர் மாறி 1943 வரை இயங்கியது. புதிய நடுவணரசுக் கட்டடங்களின் செலவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்குவது இதன் அடிப்படை. கலைஞர் ஏழையா என்பதை இப்பிரிவு பார்க்கவில்லை. பெயர் மறைத்த போட்டிகளின் வழி தகுதியை நோக்கியது. அஞ்சலக ஓவியங்கள் பெரும்பாலும் இதன் பணியே. மற்றொன்று, 1935இல் தோன்றிய 'நடுவணரசுக் கலைத் திட்டம்'. ஹோல்கர் கேஹில் தலைமையில் இயங்கிய இதுவே 'பணி முன்னேற்ற நிருவாகம்', அதாவது டபிள்யூ.பி.ஏ. என்பதன் உறுப்பாகும். வேலையற்ற கலைஞருக்கு வாரக்கூலி வழங்குவதே இதன் முதல் நோக்கம். பள்ளி, மருத்துவமனை, விமான நிலையம், குடியிருப்பு முதலிய உள்ளூர்ப் பொதுக் கட்டடங்களில் 2,500க்கும் மேற்பட்ட சுவரோவியங்களை இத்திட்டத்தினர் வரைந்தனர். கருவூலத் துறையின் துயர்துடைப்புக் கலைத் திட்டம் ஒன்றும் 1935 முதல் சில ஆண்டுகள் சிறு அளவில் நடைபெற்றது.

இவை அனைத்தையும் மக்கள் வழக்கு 'டபிள்யூ.பி.ஏ. ஓவியம்' என்னும் ஒரே பெயருள் அடக்கிவிட்டது. ஆயின் ஆவணக் காப்பகத்தின் அடுக்குமுறை மக்கள் வழக்கைப் பின்பற்றுவதில்லை. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கருவூலத் துறைத் திட்டங்களின் கோப்புகள் பொதுக் கட்டடப் பணிகளுக்குரிய 121ஆம் தொகுதியில் உள்ளன. பணி முன்னேற்ற நிருவாகத்தின் கோப்புகளோ 69ஆம் தொகுதியைச் சேர்ந்தவை. மேலே சுட்டிய அஞ்சலகப் பணியாளரின் சொல்லை நம்பி 69ஆம் தொகுதியைத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். ஆதலின் பதிவுத்தாளின் முதற்கட்டத்தில் ஓவியர் பெயரைக் காட்டிலும் திட்டத்தின் பெயரை உறுதிசெய்வதே முறையெனத் தோன்றுகிறது.

கோப்பினுள் ஓவியம்

நுண்கலைப் பிரிவின் பணிமுறை, பிற்கால ஆய்வாளரை எண்ணியே வகுக்கப்பட்டதோ என வியக்கத்தக்கது. உண்மையில் அது அலுவலகக் கட்டுப்பாட்டின் விளைவே. ஓவியர் முதலில் சிறிய வண்ண வரைவை வாசிங்டனுக்கு அனுப்புதல் வேண்டும். பின் முழு அளவு வரைபடத்தின் நிழற்படம். இறுதியில் சுவரில் பொருத்திய ஓவியத்தின் நிழற்படம். ஊதியம் தவணைகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு படியின் ஒப்புதலோடும் பிணைக்கப்பட்டிருந்தது. எட்வர்ட் ரோவன் முதலிய அலுவலர்கள் கருத்துக் கூறிக் கடிதம் எழுதுவர். ஓவியர் வாதிடுவார் அல்லது திருத்துவார். ஓவியம் பொருத்தப்பட்டதும் அஞ்சலகத் தலைவரின் கடிதமும் கோப்பில் சேரும்.

இதன் பயன் என்னவெனில், சுவரில் ஒரே ஓவியம் காணப்படினும் கோப்பில் அதன் பல நிலைகள் உள்ளன. முதல் வரைவில் இருந்து பின்னர் நீக்கப்பட்ட உருவம் யாருடையது, எதனால் நீக்கப்பட்டது என்பதைச் சுவர் சொல்லாது, கடிதம் சொல்லும். சுவரோவியத்தைத் தனியொரு கலைஞரின் உள்ள வெளிப்பாடாக மட்டும் படிப்பவருக்கு இக்கடிதங்கள் நல்ல திருத்தமாகும். ஓர் அரசு அலுவலர், ஓர் ஓவியர், ஊரார் ஆகிய முத்தரப்பின் பேரத்தில் பிறந்தவை இவை.

கோப்பிலுள்ள நிழற்படங்கள் கறுப்பு வெள்ளை. ஆகவே மங்கிய ஓவியத்தின் மூல வண்ணத்தை அறிய, தப்பிப் பிழைத்த வண்ண வரைவுகளே துணை. அவற்றுள் ஒரு தொகுதி இன்று ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. வரைவு வேறிடத்தில், கடிதம் வேறிடத்தில், ஓவியம் மூன்றாம் இடத்தில் என்னும் இச்சிதறலை ஒரு பதிவின்கீழ்க் கொணர்வதே ஆவணப்படுத்துநரின் அன்றாட உழைப்பு.

நடுவணரசுக் கலைத் திட்டத்தின் நிலை வேறு. வாரக்கூலித் திட்டமாதலின் அதன் தாள்கள் படைப்பைவிடப் பணியாளரையே மிகுதியும் பேசுகின்றன. 1943இல் திட்டம் மூடப்பட்டபோது படைப்புகளைப் பற்றிய அக்கறையும் தளர்ந்தது. நியூயார்க்கில் கிடங்கில் கிடந்த நூற்றுக்கணக்கான கித்தான் ஓவியங்கள் எடைக்கணக்கில் பழம்பொருள் வணிகருக்கு விற்கப்பட்ட செய்தி 1944இல் வெளிவந்தது. சுவரோவியம் எடைக்கு விற்கப்படாமைக்கு அது சுவரில் ஒட்டியிருந்ததே காரணம் போலும்.

இக்குறையை ஈடுசெய்த முயற்சிகளுள் மூன்றினைச் சுட்டலாம். அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகம் 1963 முதல் 1965 வரை அக்காலக் கலைஞரையும் அலுவலரையும் நேர்கண்டு வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்தது. இன்னும் பத்தாண்டு தாழ்த்தியிருப்பின் பலர் மறைந்திருப்பர். மார்லின் பார்க், ஜெரால்ட் மார்கோவிட்ஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட நூல் அஞ்சலகக் கலையை நாடளவில் ஆராய்ந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கிரே பிரெச்சின் முனைப்பில் 2000களில் தொடங்கிய 'லிவிங் நியூ டீல்' என்னும் திட்டம், தன்னார்வலர் துணையுடன் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை நிலப்படத்தில் குறித்துள்ளது. தன்னார்வலரின் பதிவில் பிழை நேரும் என்பது மெய்யே. எனினும் மூடப்படவிருக்கும் கட்டடத்தை முதலில் அறிபவர் அவ்வூராரே. காப்பக ஆய்வாளர் அல்லர்.

சுவரில் காண வேண்டியவை

நிழற்படம் எடுத்தலே ஆவணப்படுத்துதல் என்று கருதுவோர் உளர். கள ஆய்வில் அதற்கு முன் விடை காண வேண்டிய வினா ஒன்றுண்டு: ஓவியம் எதன்மீது, எதனால் வரையப்பட்டது?

பிரெஸ்கோ எனப்படும் ஈரச்சாந்து ஓவியத்தில், உலராத சுண்ணச் சாந்தின்மீது நீரில் குழைத்த நிறப்பொடி பூசப்படுகிறது. சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது நிறம் அதனுள் பிணைந்துவிடுகிறது. அதாவது, ஓவியமும் சுவரும் ஒன்றே. அஞ்சலக ஓவியங்களிற் பெரும்பாலானவையோ பட்டறையில் கித்தான்மீது எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டு, பின்னர்ச் சுவரில் ஒட்டப்பட்டவை. இவற்றை வல்லுநர் உரித்தெடுத்து வேறிடத்தில் பொருத்த இயலும். எனவே 'ஊடகம்' என்னும் ஒரு சொல்லுக்கான இடத்தைப் பதிவுத்தாளில் நிரப்பாமல் விடுவது, கட்டடம் இடிபடும் நாளில் ஓவியத்தைக் காக்க இயலுமா என்னும் வினாவை விடையின்றி விடுவதாகும்.

நெவார்க் விமான நிலையத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அர்ஷைல் கார்க்கி அங்கு வானூர்தியைப் பொருளாகக்கொண்டு பத்துக் கித்தான்களில் நவீனபாணி ஓவியத்தொடர் ஒன்றினைத் தீட்டி 1937இல் முடித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நிலையம் படைத்துறை வசம் சென்றது. ஓவியங்கள் சுவர்ப்பூச்சின்கீழ் மறைந்தன. 1970களின் தொடக்கத்தில் தேடியபோது பல அடுக்குப் பூச்சின் அடியிலிருந்து இரண்டு மட்டுமே மீண்டன. அவை இப்போது நெவார்க் அருங்காட்சியகத்தில் உள்ளன. எஞ்சிய எட்டினைப் பழைய நிழற்படங்களிலும் வரைவுகளிலுமே காணலாம். புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க் குடியிருப்பில் இல்யா பொலடாவ்ஸ்கி முதலியோர் வரைந்த அருவ ஓவியங்களும் இவ்வாறே பூச்சினடியில் கிடந்து, 1980களில் மீட்கப்பெற்று புரூக்ளின் அருங்காட்சியகத்திற்குச் சென்றன.

ஓவியத்தின்மேல் பூச்சு என்பது தமிழ் ஆய்வாளருக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்றறையில் நாயக்கர் கால ஓவியத்தின்கீழ்ச் சோழர் ஓவியம் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். நாம் பேசும் பெருமந்தக் காலமே அது. அங்கு மேலடுக்கும் ஓவியமாதலின் இரண்டனுள் எதைக் காப்பது என்னும் இடர் எழுந்தது. பின்னர் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியப் பகுதிகளைப் பெயர்த்துத் தனியே நிறுவினர். நெவார்க்கிலோ மேலடுக்கு வெறும் பூச்சு. அடியில் ஓவியம் உண்டு என்று எழுதிவைத்த தாள் இருந்தமையால்தான் அங்குச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே தோன்றிற்று.

எதிர்ப்பும் ஆவணமே

ஓவியத்தை ஊரார் எவ்வாறு ஏற்றனர் என்பதைப் பதிவு செய்யாத பட்டியல்கள் மிகுதி. இவற்றின் பெருங்குறை இதுவே. ஓக்லகோமா மாநிலத்தின் வாட்டோங்கா அஞ்சலகத்தில் ஈடித் மாகியர் 1941இல் வரைந்த ஓவியம், செயேன் மக்களின் தலைவர் ரோமன் நோசை முதன்மைப்படுத்துவது. பெருமைப்படுத்தும் நோக்குடன் வரைந்ததே. ஆனால் செயேன் தலைவர் ரெட் பர்ட், அவ்வுருவம் தம் இனத்தவரைப் போலன்றி நவஹோ இனத்தவரைப் போலுள்ளது என்று கண்டித்தார்; குழந்தையின் உருவத்தைப் பன்றிக்கு ஒப்பிட்டார். நேரில் அறியாதவர் தம்மை வரைந்ததைக் கண்ட மக்களின் குரல் அது. இக்குரலின்றி அவ்வோவியத்தின் பதிவு முழுமையாகாது.

ஹார்லெம் மருத்துவமனையில் எதிர்ப்பு மறுதிசையிலிருந்து வந்தது. 1936இல் சார்லஸ் ஆல்ஸ்டன், வெர்டிஸ் ஹேய்ஸ், ஜார்ஜெட் சீபுரூக் முதலியோரின் வரைவுகளில் கறுப்பின மக்கள் மிகுதியாக இடம்பெறுகின்றனர் என மருத்துவமனையின் மேலாளர் தடை கூறினார். கலைஞர் அமைப்புகள் போராடியபின் பணி தொடர்ந்தது. பின்னாளில் சிதைவுற்ற இவ்வோவியங்கள் சீர்செய்யப்பட்டு, 2012இல் திறக்கப்பட்ட புதிய மருத்துவமனைப் பகுதியில் இடம்பெற்றன. ஹேய்சின் ஓவியக் காட்சிகள் அதன் கண்ணாடி முகப்பிலேயே பேருருவாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

அதே மருத்துவமனையில் ஈரச்சாந்து ஓவியம் தீட்டிய ஆல்ஃபிரட் கிரிமி பற்றி ஒரு சொல். அவர் நியூயார்க் தேவாலயம் ஒன்றில் தனியே ஒப்பந்தம் பெற்று வரைந்த ஓவியம் 1946இல் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். விற்ற படைப்பின்மீது ஓவியருக்கு அத்தகைய உரிமையில்லை என்று 1949இல் தீர்ப்பாயிற்று. காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் 1990இல்தான் இயற்றப்பட்டது. நம் காலச் சுவரோவியர் எவருக்கும் சட்டத்தின் காப்பு இருக்கவில்லை என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

சான் பிரான்சிஸ்கோவின் ரின்கான் அஞ்சலகத்தில் அன்டன் ரெஃப்ரெஜியர் 27 பகுதிகளாக வரைந்த நகர வரலாறு, நுண்கலைப் பிரிவு 1941இல் வழங்கிய பணி. போரால் தடைப்பட்டு 1948இல் நிறைவுற்றது. அது பொதுவுடைமைச் சார்புடையது எனக் கூறி, நீக்கக் கோரும் தீர்மானம் 1953இல் நாடாளுமன்றக் குழுவின்முன் வந்தது. அருங்காட்சியகத்தாரும் குடிமக்களும் வாதாட, தீர்மானம் தோற்றது. அழிக்க எண்ணியவர் கூட்டிய அவ்விசாரணையின் பதிவே, அவ்வோவியத்தின் ஒவ்வொரு பகுதியையும் பற்றி அக்காலத்தார் என்ன எண்ணினர் என்பதற்கு இன்று வளமான சான்றாக நிற்கிறது.

பதிவு செய்தபின் அழிக்கலாமா?

அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று இத்துறையினரைத் தம் பணியையே ஐயுற வைத்தது. ரிவேராவிடம் பணியாற்றிய ருசிய ஓவியர் விக்டர் அர்னாட்டாஃப், 1936இல் சான் பிரான்சிஸ்கோவின் ஜார்ஜ் வாசிங்டன் உயர்நிலைப் பள்ளியில் வாசிங்டனின் வாழ்க்கையை 13 பகுதிகளாக ஈரச்சாந்தில் வரைந்தார். நாட்டுத் தந்தையின் தோட்டத்தில் உழைக்கும் அடிமைகளையும், வீழ்ந்து கிடக்கும் அமெரிக்கப் பழங்குடி ஒருவரைக் கடந்து முன்னேறும் குடியேறிகளையும் அவர் அதில் காட்டினார். அது பாடநூல் மறைத்ததை வெளிப்படுத்தும் கண்டனம் என்பது ஒரு சாரார் விளக்கம். நாள்தோறும் அப்பிணத்தின் உருவத்தைக் கடந்து வகுப்புக்குச் செல்லும் பழங்குடி மாணவருக்கும் கறுப்பின மாணவருக்கும் அது இழிவே என்பது மற்றொரு சாரார் துயரம். பின்னதை வெறும் அறியாமை என ஒதுக்கும் கலை வரலாற்றாசிரியருடன் இக்கட்டுரையாளர் உடன்படவில்லை. வாட்டோங்காவின் குரலை மதிப்போர் இக்குரலையும் மதித்தல் வேண்டும்.

2019 ஜூனில் பள்ளி வாரியம் ஓவியத்தின்மேல் வண்ணம் பூச முடிவு செய்தது. எண்ணிமப் பதிவாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதும் அம்முடிவின் ஒரு கூறு. ஆகஸ்டில் அது, அழிக்காமல் மறைப்பது என மாறியது. 2021இல் நீதிமன்றம், சுற்றுச்சூழல் சட்டப்படியான மதிப்பாய்வு முறையாக நடைபெறவில்லை எனத் தீர்ப்பளித்தது. 2022இல் உறுப்பினர் மாறிய வாரியம் முந்தைய முடிவைக் கைவிட்டது.

இங்கு ஆவணம், காப்பதற்குரிய கருவி என்னும் நிலையிலிருந்து அழிப்பதற்கான உரிமச்சீட்டாக மாறும் வாய்ப்பு உண்டாயிற்று. நிழற்படம் உள்ளது, ஆதலின் சுவர் வேண்டாம் என்னும் வாதம் ஊடகத்தைப் பற்றிய அறியாமையில் எழுவது. ஈரச்சாந்தின் தடிப்பு, ஒரு நாட்பணிக்கும் அடுத்த நாட்பணிக்கும் இடையிலான இணைப்புக்கோடு, மாடிப்படி ஏறுபவரின் கண்ணுக்கு உருவங்கள் படிப்படியாக எதிர்ப்படும் முறை ஆகியவை படத்தில் வாரா. ஆனால் சுவர் ஒன்றே போதும், ஆவணம் வேண்டாம் என்பதும் அதே அளவு பிழை. அப்பள்ளியிலேயே அதற்குச் சான்று உண்டு. 1960களின் இறுதியில் கறுப்பின மாணவர் எழுப்பிய எதிர்ப்புக்கு விடையாக, டூயி கிரம்ப்லர் என்னும் இளம் கறுப்பின ஓவியர், கறுப்பின, பழங்குடி, ஆசிய, இலத்தீன் அமெரிக்க மக்களைப் போற்றும் ஓவியங்களை வரைந்து 1974இல் நிறைவு செய்தார். அர்னாட்டாஃபின் ஓவியத்தை அழிக்கலாகாது என்று 2019இல் வாதாடியவருள் அவரும் ஒருவர். அது அழிந்தால் தம் மறுமொழி எதற்கு மறுமொழி என்பதே விளங்காமற் போகும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

கிரம்ப்லரின் ஓவியங்கள் 1974ஆம் ஆண்டுக்குரியவை. நடுவணரசுக் கலைத் திட்டத்தோடு அவற்றிற்குத் தொடர்பில்லை. ஆண்டை அளவுகோலாகக் கொண்டு பெருமந்தக் காலப் பட்டியலை ஆக்குவோர் அவற்றை விலக்குவது முறையே எனத் தோன்றலாம். இருப்பினும் அர்னாட்டாஃப் பதிவுத்தாளில், ஓவியர், திட்டம், ஊடகம், அளவு ஆகியவற்றின் கீழே, கிரம்ப்லரின் பதிவெண்ணுக்கு ஓர் இடம் விட்டு வைத்தல் வேண்டும். மாணவரின் எதிர்ப்புத் தாள்கள், வாரியக் கூட்டக் குறிப்புகள், 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆகியன சேரவேண்டிய கோப்பும் அதுவே.